கணக்கெழுதக் காகிதம் கேட்ட கணக்குப்பிள்ளை

மெமரி எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வந்தவர்கள் தின்று தீர்த்த மெமரிக்கு யார் கணக்குக் கேட்பது? கேட்டால் ஐயாமார்களுக்குக் கோபம் வருகிறது. ‘ஓவர்ஹெட் ரொம்பக் கம்மி சார்’ என்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்த கிழவிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அதை எழுதப்போகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருவோம். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உட்கருவான கர்னலுக்குள் யாருக்கு மெமரி வேண்டுமானாலும் ஒரே வாசலில்தான் போய்க் கேட்க வேண்டும். டிரைவர் கேட்கும், ஃபைல் சிஸ்டம் கேட்கும், நெட்வொர்க் கேட்கும். வாங்கிப்போனவர்களில் சிலர் திருப்பித் தருவதே இல்லை. இதைத்தான் லீக் என்பார்கள். ரேம் மெல்ல மெல்ல வற்றி, ஒரு நாள் மெஷின் படுத்துவிடும். ஆகவே வாசலில் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார்த்தினார்கள். யார் வந்தார், எவ்வளவு வாங்கினார், எந்த வழியாக வந்தார், எல்லாவற்றையும் எழுது என்று உத்தரவு. நல்ல ஏற்பாடுதான். எழுத நோட்டு வேண்டுமே? நோட்டும் அதே வாசலில்தான் கிடைக்கும். கணக்குப்பிள்ளை எழுந்துபோய் வரிசையில் நிற்கிறார். வாசலுக்கு வந்து மெமரி கேட்கிற எவரையும் பதிவு செய்தாக வேண்டும் என்பது விதி. அவரும் இப்போது கேட்கிறவர்தான். எனவே தன்னைப் பதிவு செய்ய ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டு வாங்கியதைப் பதிவு செய்ய இன்னொன்று. அதற்கும் ஒன்று.

இதற்குப் பெயர் ரிகர்ஷன். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த ரிகர்ஷனால் யாருக்கும் தொல்லை இல்லை. கல்லூரியில் ஃபேக்டோரியல் கணக்குக்குச் சொல்லித்தருவது அதைத்தான். நிற்கத் தெரியாதது கர்னலுக்குள் புகுந்தால் ஆட்டம் சில நொடிகூடத் தாங்காது. ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிடும்போது குறிப்பு வைத்துக்கொள்ள, 64 பிட் இன்டெல் வகை மெஷின்களில் கர்னல் ஒரு வேலைக்குக் கொடுக்கிற ஸ்டாக் 16 கிலோபைட். 2014 வரை அதிலும் பாதி, 8 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று இதைவிடப் பல மடங்கு பெரியது. இந்தச் சந்துக்குள்தான் நம் கணக்குப்பிள்ளை தன்னையே கூப்பிட்டுக்கொண்டு கீழே கீழே இறங்குகிறார். 2016 கடைசியில் வந்த 4.9 பதிப்புக்கு முன்பு, ஸ்டாக் முடியும் இடத்தில் வேலி போடும் வசதிகூட இல்லை. எல்லை தாண்டியவர் பக்கத்து மெமரியின்மேல் எழுதிக்கொண்டே போவார். லீக்கைத் தேடவந்தவர் அடுத்தவர் டேட்டாவை அழித்துவிட்டுப் போனார் என்பது பிறகு எந்த அறிக்கையிலும் வராது. ‘மெமரி கரப்ஷன், காரணம் தெரியவில்லை’ என்று போட்டு ஃபைலை மூடுவார்கள்.

இதெல்லாம் கர்னல் எழுதுகிற மேதைகளின் உலகம், நமக்கென்ன என்று யாரும் தள்ளி உட்கார வேண்டாம். சாதாரண புரோகிராம் எழுதுகிறவர்களும் சளைத்தவர்கள் அல்லர். புரோகிராம்கள் மெமரி கேட்கும் வாசலான மாலாக்கின் அழைப்புகளை எண்ணுகிறேன் என்று ஒருவர் கிளம்புவார். எல்.டி. ப்ரீலோட் என்ற வசதி மூலம் தன் மாலாக்கையும், அதன் உடன்பிறப்பான காலாக்கையும் அசலுக்கு முன்னால் நுழைப்பார். அசல் மாலாக் எங்கே இருக்கிறது என்று கேட்க டி.எல்.சிம்மைக் கூப்பிடுவார். டி.எல்.சிம் தன் வேலைக்காக காலாக்கைக் கூப்பிடும். காலாக்கும் இப்போது இவருடையதுதான். அது அசல் காலாக்கைத் தேடி மறுபடி டி.எல்.சிம்மிடம் போகும். முடிந்தது. இதற்கு உலகமெங்கும் கைமாறிவரும் வைத்தியம் ஒன்று உண்டு: புரோகிராமுக்குள்ளேயே நிலையாக ஒரு சின்ன பஃபரை வைத்துக்கொண்டு, முதல் கேள்விக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது. யோசனை சரியானது. அந்த பஃபரின் அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? கிரகம் பார்த்துத்தான். ஒருவர் 1024 என்பார், இன்னொருவர் 4096 என்பார், ஏன் என்று கேட்டால் இரண்டுமே இரண்டின் அடுக்கு என்பதைத் தவிர வேறு பதில் வராது.

அசல் மாலாக்கைத் தருகிற ஜி.லிப்.சி நூலகத்துக்காரர்கள் மாலாக் ஹூக் என்று ஒரு வசதியையே வைத்திருந்தார்கள். அதற்கு அவர்களுடைய கையேட்டில் இருந்த உதாரணம், ஹூக்குக்குள் நுழைந்ததும் முதலில் ஹூக்கைக் கழற்று, வேலை முடிந்ததும் மறுபடி மாட்டு என்று சொல்லிக்கொடுத்தது. ஒரே ஒரு த்ரெட் இருந்தவரை பிழைத்தது. ஒரு த்ரெட் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் மற்றவை கணக்கில்லாமல் அள்ளிக்கொண்டு போகும் என்று புரிந்து, ஒதுக்கி ஓரங்கட்டி, 2021-ல் வந்த 2.34 பதிப்பில்தான் அந்த ஹூக்கைப் பிடுங்கினார்கள். அதுவரை அதை நம்பி எழுதின கணக்குகள் எத்தனையோ, அவற்றைக் காட்டி யார் யாருக்கு வேலை போனதோ.

கர்னலுக்குத் திரும்புவோம். 2009-ல் 2.6.31 பதிப்போடு கேமெம்லீக் வந்தது. கர்னலுக்குள் யார் வாங்கிப்போய்த் தொலைத்தார்கள் என்று தேடுகிற கருவி. அலோகேஷன் ஒவ்வொன்றுக்கும் இது தனக்கென்று ஒரு பதிவேட்டுத் துண்டு வைத்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்கும் மெமரி வேண்டும். தன் துண்டுகளைத் தானே தேடிப்பிடித்துக் குழம்பாமலிருக்க, அவை வரும் இடத்துக்கு மட்டும் ‘இங்கே பார்க்காதே’ என்று முத்திரை குத்திக்கொண்டது. அது நியாயம். ஆனால் மெமரி தட்டுப்பாடாகித் துண்டு ஒன்று கிடைக்காமல் போனால் கேமெம்லீக் என்ன செய்யும் தெரியுமா? பதிவேட்டுத் துண்டு கிடைக்கவில்லை என்று ஒரு வரி லாகில் எழுதிவிட்டுத் தன்னையே அணைத்துக்கொள்ளும். திரும்ப எழுப்ப முடியாது, ரீபூட்தான். மெமரி ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் இவரை வைத்தோம். ஒழுகி ஒழுகி நிஜமாகவே தீர்ந்துபோகும் நேரத்தில் முதலில் மூர்ச்சையாகிறவரும் இவரே. 2019-ல்தான் 16,000 துண்டுகளை முன்கூட்டியே எடுத்து மடியில் கட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பத்து வருடம் ஆகியிருக்கிறது, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று தோன்ற.

நான் இன்னும் சிரித்துத் தீராத கதை பேஜ் ஓனருடையது. ரேமின் ஒவ்வொரு பக்கத்தையும் யார் வாங்கினார், எந்த ஃபங்ஷன் வழியாக வந்து வாங்கினார் என்று குறித்துவைக்கும் கருவி இது. வந்த வழி என்றால் ஸ்டாக் ட்ரேஸ். ஒரே வழியாக ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் தடவை எழுதுவானேன் என்று 2016-ல் ட்ரேஸ்களை ஸ்டாக் டெப்போ என்ற கிடங்கில் போட்டு, சீட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கிடங்கு நிறைந்தால் அது புதிதாகப் பக்கம் வாங்கும். பக்கம் வாங்கினால் பேஜ் ஓனர் குறிக்க வேண்டும். குறிக்கக் கிடங்கில் போட வேண்டும், கிடங்கிலோ இடமில்லை.

இது தெரியாமல் எழுதவில்லை அவர்கள். தெரிந்தே ஒரு காவல் போட்டார்கள். வந்த வழியின் ட்ரேஸை எடுத்து, அதில் வரிவரியாகத் தேடி, தன் பெயரே மறுபடி வருகிறதா என்று பார்; வந்தால் நிறுத்து. கேட்க எவ்வளவு சாமர்த்தியமாக இருக்கிறது! இட்டானியம் மெஷினில் இதைப் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த மெஷினில் ஸ்டாக்கைப் பின்னோக்கிப் படித்து ட்ரேஸ் எடுக்கிற அன்வைண்டருக்கே மெமரி தேவை. ஆக, ஒருவர் மெமரி கேட்கிறார். பேஜ் ஓனர் எழுந்திருக்கிறார். நாம் ஏற்கனவே உள்ளே இருக்கிறோமா என்று சோதிக்க ட்ரேஸ் கேட்கிறார். ட்ரேஸ் எடுக்கிறவர் மெமரி கேட்கிறார். பேஜ் ஓனர் எழுந்திருக்கிறார். ரிகர்ஷனைத் தடுக்க வைத்த சோதனை, சோதனை தொடங்குவதற்கு முன்பே ரிகர்ஷனில் விழுந்துவிட்டது.

2021-ல், 5.13 பதிப்பில் இதைச் சரிசெய்தார்கள். எதைக்கொண்டு? ஒரு பிட். ஒவ்வொரு டாஸ்க்குக்கும் கர்னல் வைத்திருக்கும் குறிப்பில் ஒரே ஒரு பிட். உள்ளே நுழையும்போது 1, வெளியே வரும்போது 0. நுழையும்போதே அது 1 ஆக இருந்தால் நாம் ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறோம், பேசாமல் திரும்பு. ஐந்து வருடம் ட்ரேஸ் எடுத்து, வரிவரியாகத் துழாவி, மெஷினையும் மெதுவாக்கி, கடைசியில் ஒரு பிட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சேர்ந்த வருடத்தையும் கவனியுங்கள். இன்டெல் இட்டானியத்தின் கடைசிச் சரக்கை அனுப்பியதும் அதே 2021-ல்தான். 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் லினக்ஸே இட்டானியத்தைக் கைகழுவியது. நோயாளி பாடையில் ஏறும் நேரத்தில் மருந்து சரியாக வேலை செய்தது.

திரும்பு என்றதும் அந்த அலோகேஷனைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? காட்டாமல் விட்டால் அழகாக இருக்காதல்லவா? அதற்கு ஒரு போலிச் சீட்டு தயாராக இருக்கிறது. பெயரே டம்மி ஹேண்டில். நான் சொல்லவில்லை, அவர்கள் வைத்த பெயர். டெப்போவில் மெமரி கிடைக்காமல் பதிவு தவறினால் வேறொரு சீட்டு, ஃபெய்லியர் ஹேண்டில். பூட் ஆகும்போது, பேஜ் ஓனர் கண்விழிப்பதற்கு முன்பே போன பக்கங்களுக்கு இன்னொன்று. நம்மூர்த் தணிக்கை அறிக்கைகளில் ‘இதர செலவினம்’ என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் அமுக்குகிறவர்கள் இவர்களிடம் வந்து பாடம் கற்க வேண்டும். பொய்யிலும் மூன்று தலைப்பு வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஒற்றை பிட்டுக்கும் ஒரு சங்கடம் உண்டு. பிட் 1 ஆக இருக்கும் அந்தக் கணத்தில் ஓர் இன்டரப்ட் வந்து, அதன் ஹேண்ட்லர் தன் சொந்தத் தேவைக்கு மெமரி கேட்டால்? இன்டரப்டுக்குத் தனி டாஸ்க் கிடையாது. குறுக்கிடப்பட்ட டாஸ்க்கின் பிட்டைத்தான் அப்போதும் பார்க்கும். ஒரு பாவமும் அறியாத அந்த அலோகேஷனுக்கும் டம்மி சீட்டு. முடிவில்லாமல் விழுவதற்கு இது எவ்வளவோ தேவலை, மறுக்கவில்லை. ஆனால் அறிக்கையை அச்சடித்துக்கொண்டு வந்து மேஜையில் போட்டு ‘டேட்டா பேசுகிறது’ என்கிறவர்களிடம் யாராவது இந்த டம்மியைப் பற்றிச் சொன்னார்களா?

சொல்ல மாட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் ஒரு முறையாவது உட்கார்ந்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு:

“சார், ப்ரொடக்ஷன்ல மெமரி லீக் இருக்கு.”

“மானிட்டரிங் போட்டாச்சா?”

“போட்டதுக்கப்புறம்தான் சார் விழுது.”

“அப்போ மானிட்டரிங்கை மானிட்டர் பண்ண ஒண்ணு போடுங்க. நாளைக்குக் காலைல க்ளையன்ட் கால் இருக்கு.”

அந்த சாரைக் குறைசொல்லிப் பயனில்லை என்று முன்பெல்லாம் நினைத்துக்கொள்வதுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. விழுந்த மெஷினை எழுப்ப ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கிறவர் அவர் அல்ல.

2021 இன்னொரு கூத்தையும் பார்த்தது. கன்டெய்னர் ஒவ்வொன்றும் எவ்வளவு கர்னல் மெமரி எடுக்கிறது என்று பங்குபிரித்து எழுத மெம்சிஜி என்ற ஏற்பாடு உண்டு. சின்னச் சின்ன அலோகேஷன்களைக் கர்னல் ஸ்லாப் என்ற தட்டுகளில் அடுக்கிவைக்கும். ஒவ்வொரு தட்டுக்கும், அதில் எந்தப் பொருள் யாருடையது என்று காட்டும் பட்டியல் ஒன்று. அந்தப் பட்டியலையும் ஏதாவது ஒரு தட்டில்தானே வைக்க வேண்டும்? அதே தட்டிலேயே வைத்துவிட்டால் கதை முடிந்தது. தட்டில் இருந்த எல்லாரும் எழுந்து போன பிறகும் பட்டியல் மட்டும் உட்கார்ந்திருக்கும். பட்டியல் இருப்பதால் தட்டு காலியில்லை. தட்டு காலியாகாததால் பட்டியலைத் தூக்க மாட்டார்கள். லீக் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வந்தவரே லீக்.

வேறு தட்டில் வைத்தாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு தட்டைக் கலைக்கும்போது அதன் பட்டியலை விடுவிப்பார்கள். அந்தப் பட்டியல் இன்னொரு தட்டில் இருந்த கடைசிப் பொருளாக இருந்தால் அந்தத் தட்டும் கலையும். அதன் பட்டியல் மூன்றாவது தட்டில் கடைசி. வேலைச்சுமை வசமாக அமைந்தால், விடுவிக்கும் ஃபங்ஷன் தனக்குள் தானே இறங்கி இறங்கி ஸ்டாக்கைத் தாண்டி, கர்னல் பேனிக். கவனியுங்கள், இது மெமரி கேட்கும்போது விழுந்தது அல்ல, திருப்பிக் கொடுக்கும்போது விழுந்தது. ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததற்குத் தண்டனை. 5.14 பதிப்பில் கணக்குக்கு உட்பட்ட பொருட்களுக்குத் தனித் தட்டுகள் போட்டு, பட்டியல்கள் கணக்கில்லாத தட்டுகளிலேயே தங்கும்படி பிரித்துவைத்தார்கள். நோட்டையும் சரக்கையும் ஒரே பரணில் வைக்காதே என்று எந்த மளிகைக்கடைப் பையனும் சொல்லியிருப்பான். அவனிடம் யார் கேட்டார்கள்?

ஃபைல் சிஸ்டம் தரப்பில் இதே நோய் வேறு பெயரில் உண்டு. லாக் என்கிற பூட்டைப் பிடித்துக்கொண்டு மெமரி கேட்பார்கள். மெமரி இல்லை, பழைய பக்கங்களைக் காலிசெய் என்று கர்னல் அதே ஃபைல் சிஸ்டத்தின் கதவைத் தட்டும். அது தன் கையிலிருக்கும் லாக்குக்காகத் தானே காத்து நிற்கும். ‘என்னைக் கூப்பிடாதே’ என்று சொல்ல நோ எஃப்.எஸ். என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது. அதை எங்கே போட வேண்டும் என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கண்ட இடத்திலெல்லாம் திருநீறு மாதிரி பூசிவைத்தார்கள். பூசிய இடத்திலெல்லாம் மெமரியைக் காலிசெய்ய வழியில்லாமல் கர்னல் கைகட்டி நின்றது. 2017-ல், எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை கூப்பிடக் கூடாது என்று எல்லை கட்டிச் சொல்லும் வசதி வந்தது. பழைய பூச்சை எத்தனை பேர் சுரண்டினார்கள் என்பது வேறு விஷயம்.

இத்தனை அடிக்குப் பிறகு இவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து பொதுவாக ஒரு காவலைச் செய்திருப்பார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதைதான். பேஜ் ஓனருக்கு டாஸ்க்கில் ஒரு பிட். கேமெம்லீக்குக்குத் தன் தட்டுக்கு முத்திரை. எழுதாத மெமரியைப் படிக்கிறவர்களைப் பிடிக்க 2022-ல் வந்த கேஎம்சானுக்கு, நான் இப்போது என் வேலையில் இருக்கிறேனா என்று பார்க்கும் சொந்தச் சோதனை. லாக்குகளைக் கண்காணிக்கும் லாக்டெப் மட்டும் ஆரம்பத்திலேயே யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று தனக்கு வேண்டியதை நிலையான வரிசைகளில் வைத்துக்கொண்டது. வரிசை நிறைந்தால் எல்லை போதவில்லை என்று புலம்பிவிட்டு அணைந்துவிடும். அதை நான் மதிக்கிறேன். மற்றவர்கள் ஆளுக்கொரு தடவை அதே குழியில் விழுந்து, ஆளுக்கொரு பலகை நட்டு, பலகையில் தன் பெயரை மட்டும் எழுதிவைத்தார்கள்.

2024 ஜூலையில் 6.10 பதிப்போடு வந்த மெமரி அலோகேஷன் புரொஃபைலிங் இந்த வம்சத்தின் புதுப்பிள்ளை. கர்னல் கோடின் எந்த வரி எத்தனை பைட் வாங்கி வைத்திருக்கிறது என்று அலாக்இன்ஃபோ என்ற ஃபைலில் பட்டியல் போடும். பயன் உள்ளது, சந்தேகமில்லை. எழுதியவர்கள் முன்னோர் விழுந்த குழியைப் பார்த்திருந்தார்கள். ஸ்லாப் பொருட்களுக்கான குறிப்புகளை வைக்க மெமரி கேட்கும்போது, ‘இதற்குக் குறிப்பு வேண்டாம்’ என்று புதிதாக ஒரு ஃபிளாக்கைச் செய்து ஒட்டினார்கள். குறிப்பு இல்லாமல் வாங்கியதைத் திருப்பித் தரும்போது ‘உன் குறிப்பு எங்கே?’ என்று அவர்களுடைய சோதனையே அவர்களைப் பிடித்துக் கத்தும். ஆகவே ‘வேண்டுமென்றே காலி’ என்று சொல்லும் ஒரு போலி அடையாளம். விதிவிலக்கு, விதிவிலக்கை மறைக்க இன்னொரு விதிவிலக்கு. அந்தக் குறிப்புகள் தின்ற மெமரி பட்டியலில் தன் பெயரில் எங்கும் வராது.

பக்கங்களுக்கான குறிப்பு மட்டும் மறைக்க முடியாமல் மாட்டிக்கொண்டது. பக்கத்துக்குப் பக்கம் 8 பைட் என்றால், 4 கிலோபைட் பக்கத்தில் ஏறக்குறைய 0.2 சதவீதம். காதுக்குச் சின்ன எண்தான். ஒரு டெராபைட் ரேம் உள்ள சர்வரில் அது 2 ஜிகாபைட். இந்தக் கருவியை விளக்க லினக்ஸின் சொந்த ஆவணத்தில் ஒரு மெஷினின் பட்டியலை மாதிரியாகக் கொடுத்திருக்கிறார்கள், மெமரியை அதிகம் பிடித்திருப்பவர்கள் யார் என்று காட்ட. ஃபைல்களை முன்கூட்டியே படித்துவைக்கும் வேலைக்கு 15 மெகாபைட். த்ரெட்டுகளின் ஸ்டாக்குகளுக்கு 8.8. எல்லா ஸ்லாப் தட்டுகளுக்கும் சேர்த்து 55. இவை எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு முதலிடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு 122 மெகாபைட். அவர் பெயர் பேஜ் எக்ஸ்ட். பக்கங்களைப் பற்றிய கூடுதல் குறிப்புகள் வைக்கும் இடம். புரொஃபைலிங், பேஜ் ஓனர் முதலான கண்காணிப்பாளர்கள் குடியிருக்கும் அதே இடம். திருடனைப் பிடிக்கப் போட்ட பட்டியலில் முதல் பெயர் போலீஸ் குவார்ட்டர்ஸ். அதையும் ஆவணத்திலேயே அச்சடித்துவிட்டு, அடுத்த பத்திக்கு ஒன்றும் நடக்காதது போலப் போயிருக்கிறார்கள்.

ரேமுக்குக் காசு கொடுப்பவர் கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். அவருக்கு 4 ஜிபி என்று பில் போடுவார்கள். எத்தனை பேர் அதற்குள் ஏற்கனவே குடியேறிவிட்டார்கள் என்று பெட்டியில் அச்சடிப்பதில்லை. மெஷின் மெதுவானால் ‘புது மாடல் வாங்கிக்குங்க சார்’ என்பார் கடைக்காரர். இவரும் வாங்குவார். புது மாடலில் ரேம் இரண்டு மடங்கு. பக்கமும் இரண்டு மடங்கு, குறிப்பும் இரண்டு மடங்கு.

இந்நேரம் எங்கோ ஒரு புத்திசாலி அடுத்த கண்காணிப்புக் கருவிக்கு பேட்ச் எழுதிக்கொண்டிருப்பார். இதுவரை வந்தவை எதுவும் சரியில்லை, இது ரொம்ப லைட்வெயிட் என்று முன்னுரையில் சொல்லியிருப்பார். அவருடைய முதல் ஃபங்ஷனின் முதல் வரியில், கர்னலிடம் மெமரி கேட்கிற ஒரு கேமாலாக் இருக்கும்.